ஆற்றாமையும் ஆத்மகுணமும்

ஆழ்ந்த மனத்துயரம் ஒருவரை நல்லவராக்குமா என்னும் கேள்விக்கு, ‘ஆக்கும்’ என்று உடனே விடை சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். பொன்னை நெருப்பிலிட்டாற்போல என்பர். எங்கள் கடற்கரையில் முத்தை உவமை சொல்வர். சிப்பிக்குள் ஏதோ ஒன்று நுழைந்து உறுத்துகிறது. சிப்பி அதைப் பொறுத்துக்கொள்கிறது. முத்துப் பிறக்கிறது என்பர்.

நாம் வசிக்கும் மாப்பிள்ளையூரணி தூத்துக்குடி நகரின் வட எல்லையை ஒட்டிய ஊர். இப்பகுதியில் முத்துக்குளிப்பு நின்றுபோய் அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அக்காலத்தில் முத்துப்பார்களிலிருந்து எடுத்து வந்த சிப்பிகளைத் திறக்காமலேயே, ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விடுவார்களாம். ஏன் ஆயிரக்கணக்கு? பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். வணிகவியல் படித்த நமக்கு இந்த ஏலமுறை அந்த உவமையைவிட உண்மையானதாகத் தோன்றுகிறது. கடலுக்கடியில் கிடந்த துன்பம் எல்லாச் சிப்பிகளுக்கும் பொது, முத்து பொதுவன்று.

முப்பதாண்டுகளுக்கு மேல் வங்கியில் பணிபுரிந்தபோது, இறந்தவர்களின் சேமிப்புக் கணக்கை முடிக்க வரும் குடும்பத்தாரை அடிக்கடி காண நேர்ந்தது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சாட்சிக் கையொப்பம் என்று நாம் கேட்பவை எல்லாம் அவர்களுக்குப் புண்ணில் கோலிடுவது போன்றவையே. மகனை இழந்த ஓர் அம்மையார், தம் முறைக்காகக் காத்திருக்கும் வேளையில், எழுதப் படிக்கத் தெரியாத மற்றொருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அதே வாரத்தில், அதேபோல் மகனை இழந்த ஒருவர், தமக்கு முன் நின்ற முதியவரைத் தள்ளிக்கொண்டு வந்து, “என் துக்கத்தைவிடவா இவருக்கு அவசரம்?” என்று கேட்டார். இருவரில் எவரையும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. துயரம் ஒன்றாயிருக்க, அது செய்த வேலை வேறாயிற்று என்பதை மட்டுமே குறிக்கிறோம். துயரம் தானாக எதையும் செய்துவிடாது என்றால், வேறு எது சேர்ந்து செய்கிறது?

நம்மாழ்வார் திருவாய்மொழியின் இரண்டாம் பத்து, முதல் திருவாய்மொழியை இங்கு அனுஸந்திப்பது தகும். தாமிரபரணிக் கரைத் திருக்குருகூரில் அவதரித்த ஆழ்வார், அங்கே பராங்குசநாயகியாய்க் கடற்கரையில் நிற்கிறார். எம்பெருமானைப் பிரிந்த ஆற்றாமை உச்சத்தில் இருக்கிறது. அந்நிலையில் அவர் கண்ணில் பட்டவை எவை? நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், சந்திரன், இருள், கழி, விளக்கு. இவற்றில் ஒன்றையும் தமக்குப் பகையாக அவர் கருதவில்லை. ‘நீயும் என்னைப்போல் அவனைப் பிரிந்து வருந்துகிறாயோ’ என்று ஒவ்வொன்றையும் வினவுகிறார். நாரை உறங்காதது இரைக்காக, கடல் ஓலமிடுவது அதன் இயல்பு என்று நாம் சொல்லுவோம். ஆழ்வாருக்கோ எல்லாம் தம்மோடொத்த துயருடையவை. துக்கத்தில் மூழ்கியவருக்கு உலகில் தாம் ஒருவரே துக்கப்படுபவர் என்று தோன்றுவது இயற்கை. ஆழ்வாருக்கு அது தலைகீழாயிற்று. தாம் ஒருவரே அல்லர் என்று தோன்றிற்று. அவர் துயரம் எம்பெருமானை விஷயமாக உடையது. அவனோ எல்லாப் பொருளுக்கும் உறவானவன். ஆகவே அவனைக் குறித்த துயரம் எல்லாப் பொருளோடும் உறவை உண்டாக்கிற்று என்று கொள்ளலாம்.

‘அது ஆழ்வாருக்குப் பொருந்தும், பிள்ளையையோ கணவனையோ இழந்து கலங்கும் ஸம்ஸாரிக்கு எப்படிப் பொருந்தும்?’ என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு முத்திலிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. 1973-ஆம் ஆண்டில், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் வளர்ப்பு முத்தை உண்டாக்கி வெற்றி கண்டார்கள். அந்த முறையில், சிப்பிக்குள் ஒரு சிறு மணியை வைத்தால் மட்டும் போதாது. மற்றொரு சிப்பியின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சதையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மணியை ஒட்டி வைக்க வேண்டும். அந்த உயிருள்ள துண்டே வளர்ந்து மணியைச் சூழ்ந்து, அதன்மேல் படலம் படலமாக முத்தொளியைப் படிய வைக்கிறது. மணி உறுத்தும், அவ்வளவே. முத்தாக்குவது வேறோர் உயிரிலிருந்து வந்த சம்பந்தம்.

இந்த சம்பந்தத்திற்குக் கூரத்தாழ்வானைவிடச் சிறந்த உதாரணம் நமக்குத் தெரியவில்லை. குருபரம்பரை கூறும் வரலாற்றை அன்பர்கள் அறிவர். எம்பெருமானாரைக் காக்க அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்து, பெரியநம்பியோடு சோழன் சபைக்குச் சென்று, ஆழ்வான் கண்களை இழந்தார். திரும்பும் வழியில் பெரியநம்பி திருநாட்டுக்கு எழுந்தருளினார். உடையவரோ மேல்நாட்டில். ஆழ்வானுக்குக் கண்ணும் இல்லை, பரமாசார்யரும் இல்லை, ஆசார்யரும் அருகில் இல்லை. திருவரங்கம் வந்து பெரியபெருமாளை ஸேவிக்கச் சென்றபோது, உடையவர் சம்பந்தமுள்ளவர்களை உள்ளே விடக்கூடாது என்ற கட்டளை இருந்தது. வாயிற்காப்போரில் ஒருவர் தடுத்தார். மற்றொருவர், இவர் நல்லவர், எல்லாரிடமும் அன்புடையவர், இவரை விடலாம் என்றார்.

இவ்விடத்தில் நாம் நின்று பார்க்க வேண்டும். ‘இவ்வளவு பட்டவன்’ என்பது பெரியதொரு பெருமை. பட்ட துன்பத்தையே உரிமைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஆயுள் முழுவதும் அதற்கு வட்டி வாங்குபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். செல்வத்தால் வரும் அஹங்காரம் செல்வத்தோடு போகும். துயரத்தால் வரும் அஹங்காரம் அப்படிப் போவதில்லை, ஏனெனில் அதைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. ஆழ்வான் முன் அந்த வாயில் திறந்தே இருந்தது. நல்லவர் என்ற பெயரோடு உள்ளே போயிருக்கலாம். ஆத்மகுணமெல்லாம் ஆசார்ய சம்பந்தத்தில் கொண்டுசேர்க்க வேண்டியிருக்க, அதுவே அந்த சம்பந்தத்தை விட்டுத் தனியே பெருமாளிடம் போக வழியாயிற்றே என்று அவர் திருவுள்ளம் நொந்து, ஸேவிக்காமலே திரும்பினார். பின்பு திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, அங்கு அழகரைக் குறித்து ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். காண இயலாதவர் செய்த அந்த ஸ்தவம் அழகைப் பேசுகிறது.

துயரம்தான் ஆழ்வானை அவ்வாறு ஆக்கிற்று என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. கூரத்தில் செல்வத்தையெல்லாம் துறந்து வந்தபோதே அவர் அப்படித்தான் இருந்தார். ஆனால் அந்த குணம் தம்முடையதன்று, பெற்றது என்று உறுதியாக நிற்க ஒரு சமயம் வாய்க்க வேண்டுமே! கண் இழந்தது அதற்கு வாய்ப்பாயிற்று என்று சொல்லலாம்.

உடையவர் மீண்டு எழுந்தருளிய பின், ஆழ்வானைக் காஞ்சிபுரத்திற்கு அனுப்பி, பேரருளாளனிடம் கண்ணைப் பெற்றுக்கொள்ளும்படி நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். பேரருளாளன் உகந்து, வேண்டியதைக் கேள் என்றபோது, தம்மைச் சோழனிடம் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்கவேண்டும் என்று கேட்டார். தந்தோம் என்றான் வரதன். கண்ணைக் கேட்கச் சொன்ன உடையவருக்கோ, தம் எண்ணம் நிறைவேறவில்லையே என்று திருவுள்ளத்தில் வருத்தம் உண்டாயிற்று என்பர் பெரியோர்.