மணலில் எழுதிய கை

என் மகள் கம்போடியாவில் ஊழியம் செய்கிறாள். வயது 24. போய் ஆறு மாதம் ஆகியும் கெமர் மொழிப் பாடம் முடியவில்லை. ஒரு ராத்திரி போனில் அழுதாள். “அம்மா, வாயைத் திறந்தா மூணு வயசுப் பிள்ளை பேசற மாதிரி இருக்கு. இயேசப்பாவைப் பத்திச் சொல்ல வந்தேன், கடையில சோப்பு கேக்கவே தெரியல.” அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. விடிய விடிய முழங்காலில் இருந்தேன். பொழுது புலரும்போது உள்ளத்தில் ஒரே வார்த்தை: தரங்கம்பாடிக்குப் போ.

பொறையாறில் அக்கா வீடு. அங்கே ஏழு நாள் தங்கி, தினமும் தரங்கம்பாடிக்குப் போய்வந்தேன். அந்த ஏழு நாளையும் அங்கே வந்து தமிழ் கற்ற மிஷனரி சீகன்பால்கு ஐயரின் நேர ஒழுங்கின்படி கழிப்பது என்று பொருத்தனை செய்துகொண்டேன்.

1706 ஜூலை 9ஆம் தேதி அவர் இந்தக் கரையில் இறங்கியபோது ஏறக்குறைய என் மகளின் வயதுதான். கூட வந்த புளூட்சௌ ஐயர் சில வயது மூத்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இருவரையும் இங்கிருந்த டேனிஷ் ஆளுநர் முகம் கொடுத்து வரவேற்கவில்லை. ஊர்ப் பேச்சு ஒன்றுகூடப் புரியாது. முதிய வாத்தியார் ஒருவர் தம் திண்ணைப் பள்ளியை அவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தில் வேதசாஸ்திரம் படித்தவர்கள், நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் அ, ஆ எழுதினார்கள். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். இந்த முறை என் நெஞ்சு தாங்கவில்லை.

தம்முடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று ஐயர் கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, கற்ற சொற்களைத் திருப்பிச் சொல்லுவார். 8 முதல் 12 வரை, முன்பு வாசித்திராத தமிழ் நூல்கள். பக்கத்தில் ஒரு முதிய புலவர், சொற்களைக் குறித்துக்கொள்ள ஒரு எழுத்தர். சாப்பிடும் வேளையிலும் ஒருவர் வாசிப்பார், இவர் கேட்பார். பிற்பகல் 3 முதல் 5 வரை மறுபடியும் தமிழ். இரவில் விளக்கு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்பதால் வேறொருவர் வாசிக்கக் கேட்பார். யாருக்காக இவ்வளவு பாடு? நமக்காக! நாம் நம் பாஷையில் “பிதாவே” என்று கூப்பிட வேண்டும் என்பதற்காக!

நானும் 7 மணிக்கு உட்கார்ந்தேன். மகள் எழுதி அனுப்பிய கெமர் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன். 8 மணியிலிருந்து புதிய ஏற்பாடு. ஐயர் 1708இல் தொடங்கி 1711இல் தமிழில் மொழிபெயர்த்து முடித்ததும் புதிய ஏற்பாட்டைத்தான். தொடங்கிய சில வாரங்களிலேயே அவரைச் சிறையில் போட்டார்கள்; நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து, விட்ட இடத்தில் பிடித்தார். 1715இல் இதே ஊர் அச்சுக்கூடத்தில் அது புத்தகமாக நிறைவேறியது. முதல் இரண்டு நாள் வாசிப்பு வெறும் வாசிப்பாகத்தான் போயிற்று. கண் ஓடியது, மனம் கம்போடியாவில் இருந்தது.

நான்காம் நாள் பிற்பகல் கடற்கரைக்குப் போனேன். ஈர மணலில் உட்கார்ந்து ‘க’ என்று எழுதினேன். பக்கத்தில் மகள் படத்தில் அனுப்பியிருந்த கெமர் ‘க’வையும் எழுதினேன். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்தது என்று எப்போதோ வாசித்தது அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. நம் கரையிலிருந்து கடல் தாண்டிப் போன எழுத்து! என் பிள்ளை அந்நிய எழுத்து என்று அழுதாளே, அவள் போவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கர்த்தர் அதை இந்தப் பக்கத்திலிருந்து அங்கே நட்டுவைத்திருக்கிறார்! உடம்பெல்லாம் நடுங்கியது. “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்பதைத் தவிர வாயில் வேறு சொல் வரவில்லை. அலை வந்து இரண்டு எழுத்தையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போயிற்று. நான் மறுபடி எழுதினேன். மறுபடியும் அலை. எவ்வளவு நேரம் எழுதினேன் என்று தெரியாது; அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் எழுதினேன். வார்த்தையான தேவனே மாட்டுக்கொட்டிலில் பேசத் தெரியாத பாலகனாகக் கிடந்தாரே! மழலையாகத் தொடங்குவது அவருக்கு இழிவாக இல்லையே!

அன்று ராத்திரி மகளிடம் அதைத்தான் சொன்னேன். வெகு நேரம் அவள் பேசவில்லை. பிறகு கெமர் மொழியில் மெதுவாக ஒரு ஜெபம் செய்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை; “ஆமென்” சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை புது எருசலேம் ஆலயத்தில் ஆராதனை. 1718இல் ஐயர் பிரதிஷ்டை செய்த ஆலயம். அடுத்த பிப்ரவரியில் 36 வயதில் கண்மூடி, அங்கேயே அடக்கமானார். அந்தக் கல்லறை இருக்கும் ஆலயத்தில் நம் தமிழில் பாடி, நம் தமிழில் திருவிருந்து எடுத்தபோது, அப்பம் நாவில் கரைவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

பிள்ளைகளை அந்நிய தேசத்து ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் கலங்கிக்கொண்டிருக்கும் தாய்மாரே, ஒருமுறை தரங்கம்பாடிக்கு வாருங்கள். அந்த மணலில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளை கற்கும் மொழியில் ஒரே ஒரு எழுத்தை எழுதுங்கள்.