ஐந்தாவது குருவியும் இறகிழந்த கோழியும்



ஒரு பொருளின் பயன் முடிந்ததும் அதை எறிந்துவிடுகிறோம். தேய்ந்த தும்புத்தடி, ஓட்டை வாளி, எரிந்துபோன மின்குமிழ் ஆகியவற்றின்மீது நமக்கு எவ்விதக் கடமையும் கிடையாது. ஆனால், உயிருள்ள ஒன்றின் பயன் முடிந்துவிட்டால்? அதன் உழைப்பை உண்டவர்களுக்கு அதன்மீது ஏதேனும் கடன் எஞ்சியிருக்கிறதா?

இக்கேள்வி சிறியதன்று. இதைச் சிந்திக்க, நமது பிள்ளைகளும் உறவினர்களும் பலர் குடியேறி வாழும் இங்கிலாந்து நாட்டில் நடைபெறும் ஒரு சிறு காரியத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒன்றரை வயதில் முடியும் பயன்

முட்டைக்கென வளர்க்கப்படும் கோழி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 300 முட்டைகள் இடும். ஒன்றரை வயதளவில் முட்டை குறையத் தொடங்கும், ஓடும் மெலியும். அப்போது பண்ணைக்காரர் அத்தொகுதி முழுவதையும் இறைச்சிக்கு அனுப்பிவிட்டுப் புதிய பேடுகளைக் கூட்டில் விடுவார். கோழியினம் இயல்பாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர்வாழக் கூடியது. ஆயினும் கணக்குப் புத்தகத்தில் அதன் ஆயுள் ஒன்றரை ஆண்டுதான்.

முன்னைய நாட்களில் இக்கோழிகள் ‘பற்றறி’ எனப்படும் கம்பிக் கூடுகளில், அடுக்கடுக்காக அடைக்கப்பட்டிருந்தன. ஐரோப்பிய சட்டம் ஒரு கோழிக்கு வகுத்த ஆகக்குறைந்த இடம் 550 சதுர சென்ரிமீற்றர். நாம் கடிதம் எழுதும் ஏ4 தாள் இதைவிடப் பெரிது! 1964ஆம் ஆண்டில் ரூத் ஹரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி இக்கூடுகளைப் பற்றி எழுதிய நூல் மக்களின் மனச்சாட்சியைத் தொட்டது. ஆயினும் வெறுங்கூடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடைசெய்யப்பட்டது 2012ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியில்தான். அதன் பின்னரும் 750 சதுர சென்ரிமீற்றர் அளவுள்ள, சற்றே வசதி செய்யப்பட்ட கூடுகள் அனுமதிக்கப்பட்டன.

இறைச்சிக்குப் போகவிருக்கும் இக்கோழிகளிற் சிலவற்றைப் பண்ணைக்காரரிடமிருந்து கேட்டுப் பெற்று, வீட்டுத் தோட்டங்களில் வளர்ப்பவர்கள் அந்நாட்டில் இருக்கிறார்கள். இதற்கெனவே ஜேன் ஹோவர்த் என்னும் பெண்மணி 2005ஆம் ஆண்டில் ஓர் அறநிலையத்தைத் தொடங்கினார். பல இலட்சம் கோழிகள் இவ்வாறு வீடு கண்டிருக்கின்றன.

குளிரில் வந்து சேரும் விருந்தாளி

பனிக்காலத்தில் வந்து சேரும் கோழியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கம்பியில் உராய்ந்தும், மற்றக் கோழிகள் கொத்தியும், அதன் கழுத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் இறகு உதிர்ந்திருக்கும். கொண்டை வெளிறிச் சாய்ந்திருக்கும். கோழியின் உடற்சூடு ஏறக்குறைய 41 பாகை. வெளியிலோ தண்ணீர் உறையும் குளிர். நுவரெலியாவின் குளிரையே பெரிதாகப் பேசும் நமக்கு இது விளங்குவது கடினம். போர்வையாகிய இறகு இல்லாததால், தின்னும் தீனையே எரித்து அது தன் உடலைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. சாதாரண நாளில் 120 கிராம் அளவு தீன் உண்ணும் கோழி, இந்நிலையில் அதைவிட அதிகம் உண்ணும்.

இரக்கமுள்ள மனிதர் உடனே என்ன செய்வார்? கை நிறையச் சோளத்தை அள்ளி வீசுவார். கோழி என்றால் தானியம் பொறுக்கும் என்பதுதானே நாம் அறிந்தது! ஆனால், பண்ணைக் கோழி தன் வாழ்நாளில் முழுத் தானியத்தைக் கண்டதில்லை. அது அறிந்த உணவு மாவாக அரைத்த தீன் ஒன்றே. புதிதாக எதை வைத்தாலும் அது உணவென்றே அதற்குத் தெரியாது. நிறைந்த தட்டின் முன் பட்டினி கிடக்கும். அதன் சொண்டின் நுனியும் குஞ்சாக இருக்கையிலேயே குறைக்கப்பட்டிருப்பதால் வெறுந்தரையில் கிடக்கும் மணியைப் பொறுக்குவதும் சிரமம். ஆகவே, முதலில் அது பழகிய மாவுத்தீனையே ஆழமான பாத்திரத்தில் வைக்க வேண்டும். வேறு தீனுக்கு மாற்றுவதாயின் நாட்கணக்கில் சிறிது சிறிதாகக் கலந்தே மாற்ற வேண்டும்.

குளிர்காலக் காலையில் அம்மாவை இளஞ்சூட்டு நீரில் குழைத்துக் கொடுப்பது நல்லது. ஆறிப் புளிக்குமுன் மிச்சத்தை அகற்றிவிட வேண்டும். மாலையில், கோழி அடையுமுன், ஒரு பிடி தானியம் கொடுக்கலாம். மார்கழி மாதத்தில் இங்கிலாந்தில் பகல் எட்டு மணித்தியாலம்; இரவோ பதினாறு. அந்த நீண்ட இரவில் இரைப்பையிலுள்ள தானியம் மெல்லச் சமித்து உடலுக்குச் சூடு தரும். தானியம் உண்ணும் கோழிக்கு அதை அரைக்கச் சிறு கற்களும் வேண்டும். ஆனால், இரக்க மிகுதியால் தானியத்தையே நிறையக் கொடுத்தால், கோழி கொழுக்குமேயன்றி இறகு முளைக்காது. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அப்புரதம் முட்டைக் கோழித் தீனில்தான் போதிய அளவில் இருக்கிறது. தண்ணீர் உறைந்துவிடுவதால் நாளில் பலமுறை மாற்ற வேண்டும். வலிய கோழி மெலிந்ததை விரட்டும். எனவே, தீன் பாத்திரம் ஒன்றுக்கு இரண்டாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும்.

இறகற்ற கோழிகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அணிவித்தவர்களும் உண்டு. அன்பின் செயல்தான். ஆனால், அச்சட்டை மழையில் நனைந்து கனக்கும். கோழி தன் உடலைக் கோதவும் தடையாகும். ஆகவே, அனுபவமுள்ளோர் அதை விரும்புவதில்லை. காற்றுப் புகாத காய்ந்த கூடும், வயிறு நிறைந்த தீனுமே அதற்கேற்ற சட்டை என்பர்.

அறிந்து செய்யும் இரக்கம்

கோழி வளர்ப்புப் பாடத்தை இத்தனை விரிவாகக் கூறுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நீதிமொழிகள் ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரம், நீதிமானுக்கும் அவனுடைய கால்நடைக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசுகிறது. அங்கே எபிரேய மூலத்தில் வரும் சொல் ‘அறிதல்’ என்பதாகும். நீதிமான் தன் மிருகத்தின் உயிரை அறிகிறான். அதற்கு என்ன தேவை என்று தெரிந்து வைத்திருக்கிறான். வேதநூல் இதை வெறும் மனவிளக்கமாகக் கூறாமல், நீதியின் அடையாளமாகவே கூறுகிறது.

கொடுப்பவருக்கு மகிழ்ச்சி தரும் ஈகை வேறு. பெறுபவரின் தேவையை அறிந்து செய்யும் ஈகை வேறு. சோளத்தை அள்ளி வீசும்போது நமது மனம் குளிர்கிறது. கோழியோ குளிரில் நடுங்குகிறது. மனிதருக்கு நாம் செய்யும் தருமங்களிலும் இத்தகைய கம்பளிச் சட்டைகள் எத்தனை! பல்லில்லாத முதியவருக்கு முறுக்கும், பேச்சுத்துணை தேடும் விதவைக்குப் பழைய சேலையும் கொடுத்துவிட்டுத் திருப்தியடைகிறோம் அல்லவா?

ஏழை பசித்திருக்கையில்...

இனி, இதற்கு எழும் பெரிய ஆட்சேபத்தைப் பார்ப்போம். “மனிதர் பசித்திருக்கும் உலகில் முட்டையிடாத கோழிக்குத் தீன் போடுவது நியாயமா?” 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பிள்ளைக்கு ஒரு முட்டை வாங்கிக் கொடுக்க முடியாமல் தவித்த தாய்மார் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்கள் இதைக் கேட்டால், நாம் இலேசாகப் பதில் கூற முடியாது. விலையுயர்ந்த தைலத்தை ஏழைகளுக்காக விற்றிருக்கலாமே என்று கேட்டவன் யூதாசு. ஆனால், கேட்டவன் யூதாசு என்பதற்காகக் கேள்வி பிழையாகிவிடாது.

திருச்சபையின் போதனை இங்கே இரு பக்கமும் பேசுகிறது. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், மிருகங்களை வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு விரோதம் என்கிறது. அதே மூச்சில், மனிதத் துயரைத் துடைக்க முதன்மையாகச் செலவிடவேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. உணவுக்காக மிருகங்களைப் பயன்படுத்துவதை அது தடைசெய்யவில்லை. ஆகவே, கோழிக் கறி உண்பவர் பாவி என்று இக்கட்டுரை சொல்ல வரவில்லை. அயலவன் பட்டினி கிடக்கக் கோழிக்குச் சூட்டுக் கஞ்சி காய்ச்சுபவர் பிழை செய்கிறார் என்பதும் தெளிவு.

ஆனால், ஏழையும் கோழியும் உண்மையில் எதிரெதிரே நிற்கிறார்களா? பிடி தீனை மிச்சம் பிடித்தவர் அதை ஏழையிடம் கொண்டு செல்கிறாரா? பெரும்பாலும் இல்லை. மேலும், அக்கோழி எவ்வாறு இறகிழந்தது? முட்டை மலிவாக வேண்டும் என்று நாம் கேட்டோம். நாம் கொடுக்காத விலையை அது தன் இறகாலும் எலும்பாலும் செலுத்தியது. ஆகவே, அதற்கு இடும் தீன் தருமக் கணக்கில் சேராது. கடன் கணக்கிலேயே சேரும். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்று உபாகமத்தில் கட்டளையிட்ட இறைவன், உழைத்த வாய்க்கு உரிமை உண்டு என்பதை அன்றே சொல்லிவிட்டார்.

“நான்கு கோடி அளவில் முட்டைக் கோழிகள் உள்ள நாட்டில் சிலவற்றைக் காப்பாற்றி என்ன பயன்? வெறுமையான கூட்டில் நாளையே வேறு கோழி நிற்குமே!” என்பாரும் உளர். உண்மைதான். தோட்டத்தில் நாலு கோழி வளர்ப்பதால் பண்ணைமுறை மாறிவிடாது. அதை மாற்றச் சட்டமும், அதிக விலை கொடுக்க ஆயத்தமான மக்களும் வேண்டும். ஆயினும், காலையில் பனியை மிதித்துச் சென்று உறைந்த நீரை மாற்றி வைக்கும் ஒரு வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பயன் தருவதால் மட்டும் ஓர் உயிருக்கு மதிப்பு வருவதில்லை என்பதே அது. மிருகங்களிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எச்சரித்தார். அதன் மறுபக்கமும் உண்மையன்றோ!

நமது முற்றத்தில்

நம் நாட்டின் முட்டைப் பண்ணைகளிலும் கம்பிக் கூடுகள் உண்டு. எனவே, இது அந்நியர் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் கோழி வளர்ப்பவர் அதற்கு நிழலும் நீரும் மறவாதிருக்கட்டும். அறுப்பவர் வதைக்காமல் அறுக்கட்டும். முட்டை வாங்கும் நாம் அதன் பின்னே ஓர் உயிர் இருப்பதை நினைப்போம்.

இவற்றிலும் மேலாக ஒன்று. உயிர்களைப் பயனால் அளக்கும் கணக்கு கோழிக் கூட்டோடு நின்றுவிடுவதில்லை. ஓய்வூதியம் இல்லாத முதிய தகப்பனாரையும், முப்பது வருடம் கொழுந்து பறித்துக் கை ஓய்ந்த தோட்டத்துத் தாயையும், வெளிநாட்டில் உழைத்து நோயுடன் திரும்பிய சகோதரனையும் அதே கணக்கு அளக்கத் தொடங்கும். ஒரு கோழி பல குருவிகளைவிடப் பெரிதென்றால், அவர்கள் எத்துணை மேலானவர்கள்!

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்கே வரவேண்டும். ஐந்தாவது, வியாபாரி விலையின்றிச் சேர்த்துப் போடும் குருவி. சந்தையில் அதற்குப் பெறுமதியே இல்லை. அதையும் கடவுள் மறப்பதில்லை என்று ஆண்டவர் இயேசு நமக்குச் சொன்னார். தமது நகரை எண்ணிக் கலங்கியபோது, தம்மையே குஞ்சுகளைச் சிறகின்கீழ் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்டவரும் அவரே.

விலையற்றதென்று எவரும் சேர்த்துப் போட்ட ஐந்தாவது குருவி உங்கள் வீட்டில், உங்கள் ஒழுங்கையில் எங்கே இருக்கிறது? அதற்கு என்ன தேவை என்று நீங்கள் அறிவீர்களா? இந்த வாரம் குடும்பச் செபம் முடிந்தபின் பிள்ளைகளுடன் சேர்ந்து இதைச் சிந்தியுங்கள்.