கையைத் திட்டாதீர்கள், கப்பைக் கேளுங்கள்!

"எனக்குக் கைராசி இல்லைங்க. கேக் வைத்தால் செங்கல்தான் வரும்." இப்படி யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் உங்களுக்கு இந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது?

நானும் செங்கல் சுட்டவன்தான். மூன்று ஞாயிறு, மூன்று கேக். மூன்றாவதை நறுக்க அரிவாள்மனையே வேண்டியிருந்தது. "உனக்கெல்லாம் எதுக்குடா இந்த வேலை?" என்றார் சித்தி. நானும் நம்பிவிட்டேன்.

நாலாவது ஞாயிறு, வீம்புக்காக ஒரு சின்ன டிஜிட்டல் தராசை அடுப்பு மேடையில் வைத்தேன். கப்பை மைதா டப்பாவுக்குள் அழுத்தி மொண்டு, தலைதட்டி நிறுத்தேன். 152 கிராம்! அதே கப், அதே மைதா. இந்த முறை மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் மெல்ல மெல்லப் போட்டு, கத்தி முதுகால் வழித்தேன். 121. இரண்டு கப் கேட்கும் கேக்கில் 60 கிராமுக்கு மேல் வித்தியாசம். அரைக் கப் மைதா திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துகொண்டு கேக்கைக் கல்லாக்கியிருக்கிறது. பழி மட்டும் என் கைக்கு!

மாவுத் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. சலித்தால் உப்பும், டப்பாவைத் தட்டினால் இறங்கும், பத்து நாள் அலமாரியில் கிடந்தால் தானே அமுங்கும். கப் அந்தக் காற்றையும் சேர்த்தே அளக்கிறது. தராசிடம் இந்த ஏமாற்று வேலை நடக்காது.

பாஸ்டன் நகரத்து ஃபேனி ஃபார்மரைத் தெரியுமா? 1857இல் பிறந்தவர். 16 வயதில் நோய் தாக்கிக் கால் முடங்கியது, படிப்பு நின்றது. முப்பதை ஒட்டிய வயதில்தான் சமையல் பள்ளியில் சேர்ந்தார், பிறகு அதற்கே தலைமையேற்றார். 1896இல் அவர் எழுதிய சமையல் புத்தகத்தைப் பதிப்பாளர் நம்பவில்லை. அச்சுச் செலவை அவர் தலையிலேயே கட்டினார்கள். கட்டட்டுமே! அந்தப் புத்தகம் அமெரிக்கச் சமையலறைகளையே மாற்றியது. "முட்டை அளவு வெண்ணெய்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவந்த காலத்தில், தலைதட்டிய கப், தலைதட்டிய ஸ்பூன் என்று அடித்துச் சொன்னவர் அவர். மாவைச் சலித்த பிறகே அள, கரண்டியால் போடு, கப்பைக் குலுக்காதே, கத்தியால் வழி என்று பாடமே எடுத்திருக்கிறார். பின்னால் குறிப்புகளைப் பிரதியெடுத்தவர்கள் கப்பை வைத்துக்கொண்டு பாடத்தை விட்டுவிட்டார்கள். நீங்கள் தோற்றது அங்கேதான்.

பாட்டி தராசா வைத்திருந்தாள் என்று கேட்பீர்கள். சப்பாத்தி மாவு இளகினால் ஒரு கை மாவு தூவலாம், இறுகினால் தண்ணீர் தெளிக்கலாம். நாற்பது வருஷப் பழக்கம், கையே தராசாகிவிட்டது. ஓவனுக்குள் போன கேக்கில் எதைத் தூவுவீர்கள்?

ஆகவே பென்சிலை எடுங்கள். குறிப்பில் கப் என்று இருக்கும் இடத்திலெல்லாம் பக்கத்தில் கிராம் எழுதுங்கள். மைதா 120 முதல் 125, சர்க்கரை 200, வெண்ணெய் 227. இது அமெரிக்கக் கப் கணக்கு, 240 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. சில நாடுகளில் கப் 250 மில்லி. புத்தகமே கிராம் கொடுத்திருந்தால் அதுதான் உங்கள் கணக்கு. சிலர் கப் மைதாவை 140 என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

வருகிற ஞாயிறு கிண்ணத்தைத் தராசில் வையுங்கள். பூஜ்யமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். யார் என்ன முணுமுணுத்தாலும் காதில் வாங்காமல் 240 கிராம் வரும்வரை மைதாவைக் கொட்டுங்கள். 243 வந்துவிட்டதா? ஒரு டீஸ்பூன் எடுத்து டப்பாவிலேயே போட்டுவிட்டு, அடுத்து சர்க்கரையைக் கொட்டுங்கள்.