பூட்டும் விரதமும்

கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது நமது அறநூல்களின் துணிபு. விலை கொடுத்து வாங்கிய பாடலை வேறு கருவிக்கேற்ற வடிவில் மாற்றிக்கொள்வது களவாகுமா?

2003ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தொடங்கிய ஐடியூன்ஸ் கடையில் பாடல்கள் பூட்டிட்டே விற்கப்பட்டன. அனுமதி பெற்ற சில கணிப்பொறிகளிலேயே அவை ஒலித்தன. எனினும், குறுந்தகட்டில் பதிந்துகொள்ள விற்றவரே இசைந்திருந்தார். அத்தகட்டிலிருந்து எம்பி3 வடிவுக்கு மாற்றினோர் பலர்.

தாம் கேட்பதற்காக மாற்றியவர் கொடுத்ததையே கொண்டார். அது களவன்று என்பதே நம் கருத்து. அதனைப் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கியவரோ, தமக்கு உரிமையில்லாததை வழங்கினார். மாற்றும் முறை ஒன்றே, நோக்கமே வேறு.

2009இல் அக்கடை பாடல்களின் பூட்டை நீக்கிற்று. காவல், வாங்குவோர் நெஞ்சத்திடமே விடப்பட்டது. பூட்டு இருந்தபோது எடாதிருத்தல் இயலாமையாகவும் இருக்கலாம். இல்லாதபோது எடாதிருத்தலே கள்ளாமை. அணுவிரதம் பூண்ட நாம் நம் இல்லத்துக் கருவிகளையும் ஒருமுறை ஆராய்வோமாக.