வீணான நேரத்தின் கணக்கு

பெரியநாயக்கன்பாளையத்தில் நேரத்துக்கு எப்போதும் எஜமானர்கள் உண்டு. 1934-ல் காந்தி அடிக்கல் நாட்டிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மணி ஒன்று. நூற்பாலைகளுக்கு இயந்திரம் செய்துதர 1962-ல் தோன்றிய லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸின் ஷிஃப்ட் மற்றொன்று. மணிக்கும் ஷிஃப்டுக்கும் வெளியே கிடந்த நேரத்தை ஊர் 'சும்மா இருப்பது' என்றது. தொண்ணூறுகளில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் முளைத்த வீடியோ கேம் கடைகள் இந்தச் சும்மா நேரத்தையும் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டன என்பது வேடிக்கைதான். ஒரு பழைய டி.வி., காஸெட் செருகும் பெட்டி, அழுத்தி அழுத்தி வெளுத்துப்போன பட்டன்கள். அங்கே போனவன் வீட்டிலும் பொய் சொன்னான், பள்ளிக்கூடத்திலும் பொய் சொன்னான். உள்ளே அவனுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இப்போது இதை யோசிக்கக் காரணம் அமெரிக்காவில் ஒரு சிறு பதிப்பகம். பெயர் பாஸ் ஃபைட் புக்ஸ். கேப் டர்ஹாம் என்பவர் 2013-ல் வாசகர்களிடம் முன்பணம் திரட்டி ஆரம்பித்தது. ஏறக்குறைய நம் சந்தா முறை. நம்மைவிடக் கொஞ்சம் நன்றாக வசூலாகியிருக்கிறது. அதன் விதி எளிமையானது: ஒரு ஆட்டத்துக்கு ஒரு புத்தகம். ஆட்டத்தில் ஜெயிப்பது எப்படி என்ற கையேடு அல்ல. அந்த ஆட்டம் எப்படி உருவானது, எழுதுகிறவனின் வாழ்க்கையில் எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதே விஷயம். மைக்கேல் கிம்பல் என்ற நாவலாசிரியர் 1981-ல் வந்த 'கலகா' பற்றி எழுதியது இந்த வரிசையில் ஒன்று. அந்த ஆட்டத்தில் 255 கட்டங்கள். புத்தகமும் அந்தக் கணக்கில் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது. பூச்சிகள் போன்ற விண்கலங்கள் வரிசை வரிசையாக இறங்க, கீழே ஒற்றைக் கப்பல் சுடுகிறது. ஆட்டம் அவ்வளவே. துண்டுகளின் நடுவே வேறொன்று கசிகிறது: அடி விழும் வீட்டிலிருந்து ஒரு சிறுவன் தப்பி வந்து நின்ற இடம், காசு போடும் அந்தப் பெட்டி.

இதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம் எரிச்சல். சாராயக்கடைக்குப் போனவனும் அடைக்கலம் என்றுதான் சொல்வான். அடைக்கலம் கொடுத்தது என்பதற்காக ஒரு பொருளுக்கு மதிப்பு வந்துவிடுமா? நம் சினிமா ரசிகன் எழுதுவதும் இதுதானே? ஒரு கம்பெனி விற்ற சரக்குக்குச் சம்பளமில்லாமல் விளம்பரம் எழுதிவிட்டு அதை அனுபவம் என்று அழைப்பது. இந்த ஆபத்து நிஜமானது. பிடித்த ஆட்டத்தைத் தேர்ந்துகொண்டு எழுதும் எழுத்தில் ரசிக மனோபாவம் எட்டிப் பார்க்காமல் இராது.

ஆனால் எரிச்சல் ஒரு வாதம் ஆகாது. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978-ல் ஆட்டத்துக்கு ஒரு வரையறை கொடுத்தார்: தேவையே இல்லாத தடைகளை மனமுவந்து ஏற்று, அவற்றைத் தாண்ட முயல்வது. நான் உடனே நினைத்துக்கொண்டது வெண்பாவை. தளை தட்டாமல் சொல்லவேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்? தடையை ஏற்றதில்தான் அந்தச் செய்கை இருக்கிறது. ஆகவே 'உபயோகமற்றது' என்ற குற்றச்சாட்டை ஆட்டத்தின் மீது வீசுகிறவர்களில் கவிதைக்காரர்கள் கொஞ்சம் பின்வரிசையில் நிற்பது நல்லது.

அனா ஆந்த்ரோபி எழுதிய 'இசட் இசட் டி' (2014) என்னை இன்னும் தூரம் இழுத்துப்போயிற்று. டிம் ஸ்வீனி 1991-ல் செய்த ஆட்டம் அது. படங்கள் இல்லை, திரையில் வெறும் எழுத்துக்களும் குறிகளும். ஆனால் ஆட்டத்தோடு, அதைச் செய்யப் பயன்பட்ட கருவியையும் சேர்த்தே கொடுத்தார். வாங்கிய சிறுபிள்ளைகள் தாங்களே ஆட்டம் செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். தங்களை யாரென்று தேடிக்கொண்டார்கள். கோவைக்காரனுக்கு இது அந்நியமான சங்கதியே இல்லை. இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்து, அதைப்போல் ஒன்றை வார்ப்படத்தில் ஊற்றித் தானே செய்துபார்ப்பதுதான் இந்த ஊரின் சிருஷ்டி முறை. ஸ்வீனியின் கம்பெனி பிற்பாடு எபிக் கேம்ஸ் என்ற பெரும் வியாபாரமாக வளர்ந்தது. அந்தப் பிள்ளைகள் செய்த ஆட்டங்களைப் பற்றி வியாபாரச் சரித்திரத்தில் ஒரு வரி வராது. அவற்றுக்குச் சாட்சி சொல்ல இந்தப் புத்தகம் இருக்கிறது.

சாட்சி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான வீடியோ ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பெட்டி செத்தால் ஆட்டமும் செத்தது. கவிதைக்கு இந்த விதி இல்லை; ஒரு பிரதி மிஞ்சினால் போதும்.

தமிழில் நிலைமை என்ன? குறளில் சூதுக்கு ஒரு அதிகாரம் உண்டு, விளையாட்டுக்கு இல்லை. சட்டமும் அப்படியே. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து ஆடுகிறவர்கள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் விதி வந்தது. அந்த ஆகஸ்டில் மத்திய சட்டம் பணம் வைத்து ஆடுவதையே தடைசெய்தது. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களை நினைத்தால் இவற்றை ஆட்சேபிக்க எனக்கு வாய் வராது. ஆனால் திரையில் ஆடுவதைப் பற்றி நம் மொழி பேசியதெல்லாம் அநேகமாக இந்த ஒரு தளத்தில்தான்: போலீஸ், கடன், மரணம்.

அறிவாகவும் பேசியிருக்கிறோம், சரி. தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுக்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார்: ஆடும் முறை, ஆடுவார் தொகை, கருவி, தோற்றம் என்று. பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தை நிறுவிய அவினாசிலிங்கம் செட்டியார்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் நடத்தினார். அதே வித்யாலயத்தில் ஆசிரியராயிருந்த பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். அந்த அசுர உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் களஞ்சியம் பொருளைச் சொல்லும், ஆடியவனைச் சொல்லாது. சொல்லவேண்டியது அதன் வேலையும் அல்ல.

அடைக்கலமா பொறியா என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டத்துக்கு இது தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. கம்பெனிக்குத் தெரிந்திருக்கலாம், அது சொல்லாது. உள்ளே இருந்தவன் ஒருவனால்தான் சொல்லமுடியும். அதுவும் வரவை மட்டும் எழுதாமல் செலவையும் எழுதினால். எத்தனை இரவுகள் போயின, யாரிடம் பொய் சொன்னோம், திரை அணைந்தபின் கையில் மிஞ்சியது என்ன? கிம்பல் ஓரளவு இதைச் செய்கிறார் என்பதால்தான் என் எரிச்சல் அடங்கிற்று. 'கலகா' உயர்ந்த கலையா என்று அவர் நிரூபிக்கத் தேவைப்படவில்லை. பொருளின் மதிப்பு வேறு, அதனிடம் கழிந்த வாழ்வின் மதிப்பு வேறு. நம் விமர்சனம் முதலாவதையே சதா அளந்துகொண்டிருந்ததில் இரண்டாவதற்குக் கருவி செய்துகொள்ளவே இல்லை.

புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போன சி.சு. செல்லப்பாவை நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அன்று அந்த மூட்டையில் இருந்ததும் பெரும்பாலோருக்கு வீண்வேலையாகவே பட்டது. இன்று பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப்பில் போனை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்த தலை நிமிராமல் ஆடிக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருநாள் தன் கணக்கை எழுதி நம்மில் ஒருவரிடம் கொண்டுவந்து நீட்டலாம். பிழைகள் இருக்கும், பாதி ஆங்கிலம் இருக்கும், ஆட்டத்தின் பெயரே நமக்கு வாயில் நுழையாது. நான் முதல் பக்கத்தைத் தாண்டுவேனா என்பது எனக்கே நிச்சயமில்லை.