காற்புள்ளி சொல்வது

சீடன்: ஐயா, சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் புத்தகம் பார்த்தே பாடப் பழகிவிட்டேன். கீதத்துக்கு வந்தால் பாட்டு நொண்டுகிறது. பிழை என் குரலிலா, ஏட்டிலா?

குரு: பாடு, கேட்போம். ... நில் தம்பி. 'பா'வுக்குப் பிறகு அரைப்புள்ளி இருக்கிறதே, அங்கே ஏன் வாயை மூடினாய்?

சீடன்: புள்ளி வந்தால் நிறுத்த வேண்டும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

குரு: உரைநடையில் அது சரி. ஸ்வர எழுத்தில் அதே குறிக்கு வேறு வேலை. காற்புள்ளி ஓர் அட்சரம், அதாவது தாளத்தில் ஓர் எண்ணிக்கை. அரைப்புள்ளி இரண்டு. குறில் 'ப' ஓர் அட்சரம், நெடில் 'பா' இரண்டு. அப்படியானால் 'பா ;' எத்தனை?

சீடன்: நான்கு. ஆதி தாளத்தில் லகு முழுவதும். ஒரு தட்டு, மூன்று விரல்.

குரு: மூன்றாம் விரல் முடியும்வரை அந்தப் 'பா', அதாவது பஞ்சமம், ஒலிக்க வேண்டும். அதுதான் கார்வை.

சீடன்: எழுத்தே இல்லாத இடத்தில் ஸ்வரம் எப்படி இருக்கும்?

குரு: கோட்டைக்குப்பத்துப் பிள்ளை நீ. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் பாடு முறை எப்படி?

சீடன்: இன்ன நாள், இன்ன பாடு, இன்னாருக்கு என்று முறை உண்டு. முறை வந்தவர் அந்த இடத்தில் வலை போடுவார்.

குரு: வலை இறங்கியதும் இறால் விழுந்துவிடுமா?

சீடன்: இல்லை. அப்பா காத்திருப்பார்.

குரு: அந்த நேரத்தில் தொழில் நிற்கிறதா, நடக்கிறதா?

சீடன்: நடக்கிறது. வலை நீருக்குள் இருக்கிறதே.

குரு: காற்புள்ளியும் அதுதான்.

சீடன்: இதெல்லாம் சரியாகப் படித்தால் பாட்டு வந்துவிடுமா?

குரு: வராது. 'க' என்பது ஒரே எழுத்து. தோடியில் அது சாதாரண காந்தாரம், அசைந்தே வரும். மாயாமாளவகௌளையில் அந்தர காந்தாரம். ஏறக்குறைய நிலைத்து நிற்கும். எந்த 'க' என்பதைத் தலைப்பிலுள்ள ராகப் பெயர் சொல்லும். அசைவைக் காதால்தான் வாங்க வேண்டும். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இந்த அசைவுகளுக்கென்றே, அதாவது கமகங்களுக்கென்றே, தனிக் குறிகள் அமைத்தார். வெறும் எழுத்து போதாது என்று அறிந்தவர் அவர்.

சீடன்: போதாததை ஏன் எழுத வேண்டும்?

குரு: குடுமியான்மலைப் பாறையில் 7-ஆம் நூற்றாண்டில் ஸ்வரங்களை வெட்டி வைத்தார்கள். அன்று பாடிய குரல் ஒன்றுகூட இன்று இல்லை. எந்த ஸ்வரத்துக்குப் பின் எந்த ஸ்வரம் என்ற வரிசை இருக்கிறது. பாடு முறை மீனைத் தருவதில்லை. உன் இடத்தையும் உன் நேரத்தையும் தருகிறது. ஏடும் அவ்வளவே தரும்.

சீடன்: மீதி?

குரு: உன் மூச்சு. 'பா ;' மறுபடி பாடு.

சீடன்: (தட்டி, விரல் எண்ணிப் பாடுகிறான்.) ஐயா! மூன்றாம் விரலில்தான் பஞ்சமம் தம்புராவோடு சேர்ந்தது.

குரு: அந்த இடத்தில்தான் முன்பு வாயை மூடியிருந்தாய்.