மௌனத்தின் கிரயம்

விற்பதென்று முடிவான வண்டியிலிருந்து முதன்முதலில் வெளியேற்றப்படுகிறவர் பிள்ளையார்தாம். டாஷ்போர்டுக்குள் வருஷக் கணக்கில் சேர்ந்து கிடக்கும் பெட்ரோல் ரசீதுகளும், ஒரு காது ஒடிந்த மூக்குக்கண்ணாடியும், மருந்துச் சீட்டுகளும் கடைசி நாள் வரை உள்ளேயே கிடக்கலாம். ஆனால் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவைத்த கட்டைவிரல் பருமனுள்ள அந்த மூர்த்தியை, வாங்க வருகிறவர் வாசலில் வந்து நிற்பதற்குள் பெயர்த்தெடுத்துவிட வேண்டும் என்று நமக்கு ஏனோ தோன்றிவிடுகிறது. 2019-ஆம் வருஷத்து மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, நானும் பழைய பிளேடு ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கைங்கரியத்தில்தான் ஈடுபட்டிருந்தேன். பசை விட்டு அவர் கையோடு வந்தபோது, எட்டு வருஷ வெயிலில் வெளுத்துப்போயிருந்த சாம்பல் நிறப் பரப்பின் நடுவே, வெயிலே படாத கறுத்த வட்டம் ஒன்று, வண்டி வாங்கிய நாளின் நிறத்தோடு தெரிந்தது. பக்தியினால் எடுக்கிறோமா, அல்லது நடக்கப்போகும் பேச்சுக்கு ஒரு சாட்சி குறையட்டும் என்று எடுக்கிறோமா என்ற சந்தேகம், அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் எனக்கு உண்டாயிற்று.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் இடைவழியில் பெய்த மழையும் ஒன்றுசேர்ந்து அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைந்த வெள்ளம், வாசலில் நின்றிருந்த இந்த வண்டியின் இருக்கை மட்டம் வரை ஏறி நின்று, மறுநாள் பொழுது சாய்ந்த பிறகே மெல்ல இறங்கியது. இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றி வெயிலில் போட்டு, என்ஜின் ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றி, வயரிங்கைப் பெரும்பாலும் புதிதாக்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு மூன்று வருஷம் அது திருப்பதிக்கும் திருநெல்வேலிக்கும் ஓடியது. என்றாலும் ஐப்பசி மழையில் இரண்டு நாள் கண்ணாடியை ஏற்றிப் பூட்டி வைத்துவிட்டுத் திறந்தால், ஈரக் கோணிப்பையின் வாடை ஒன்று எழும். டிரைவர் இருக்கையின் கீழேயுள்ள தண்டவாளத்தில் விரலை ஓட்டினால் துரு மாவாக ஒட்டிக்கொள்ளும். பார்க்கிற கண்ணுக்குத் தெரியாத இந்தச் சங்கதிகளை நானும் என் மனைவியும் அறிவோம்.

இதைச் சொல்லித்தான் விற்க வேண்டுமா? பழைய வண்டிகளைக் கைமாற்றிவிடும் தரகர் ஒருவர், என் தயக்கத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கேட்டாச் சொல்லுங்க சார். கேக்காதப்ப நீங்களா எதுக்கு வாயைக் கொடுக்கிறீங்க? பொய் சொல்லச் சொல்றேனா நான்?"

அந்த மனிதர் அறியாமலே எடுத்துரைத்த வாதத்துக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். ரோமாபுரியின் சிசரோ, ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தம் குமாரனை முன்னிட்டுக் கி.மு. 44-இல் எழுதிய கடமைகளைப் பற்றிய நூலின் மூன்றாம் பாகத்தில், இதே வியவகாரத்தை ஒரு கதையாக்கி விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு வந்து சேருகிற வணிகன் ஒருவன், தன்னைப் போலவே தானியம் ஏற்றிய வேறு பல கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை வழியிலேயே கண்டவன். அதைச் சொன்னால் விலை சரியும், சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். சொல்லியே தீரவேண்டும் என்கிறார் டார்ஸஸ் நகரத்து ஆன்டிபேட்டர். சட்டம் வெளிப்படுத்தச் சொல்லும் குறைகளை வெளிப்படுத்திவிட்டு, பொய் சொல்லாமல், முடிந்த விலைக்கு விற்றுக்கொள்ளலாம் என்கிறார் அவருடைய குருவான பாபிலோனிய டயோஜெனிஸ். (பீப்பாயில் குடியிருந்ததாகச் சொல்லப்படும் டயோஜெனிஸ் வேறு; அவருக்கு விற்பதற்கு ஒன்றுமே இருந்ததில்லை.) சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது குருவின் நிலை, தன் வீட்டை விற்கிறவன், இது நோய் பிடித்த வீடு என்று தானே தண்டோராப் போடுவதைப் போன்ற அசட்டுத்தனம் உண்டா என்று அவர் கேட்பதாகவும் சிசரோ எழுதுகிறார். சிஷ்யருடைய பதில், மனிதர்கள் யாவரும் ஒரே சமூகத்தின் அங்கத்தினர் என்னும் அஸ்திவாரத்தின் மேல் நிற்பது. சிசரோ கடைசியில் சிஷ்யர் பக்கம் தீர்ப்பளிக்கிறார். எனக்கோ, தரகரின் சிரிப்பு காதில் ஒலித்துக்கொண்டிருந்தபடியால், குருவின் வாதத்தை அத்தனை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை.

நம் தேசத்துச் சட்டம் பெரும்பாலும் குருவின் பக்கந்தான். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வாங்குகிறவனுடைய மனத்தை மாற்றக்கூடிய விஷயத்தைப் பற்றி வெறுமே மௌனமாயிருப்பது மோசடியாகாது என்று சொல்லிவிட்டு, அதற்கு விலக்குகளையும், விளக்கமாக நான்கு உதாரணங்களையும் கொடுக்கிறது. முதல் மூன்று உதாரணங்களும் ஒரே குதிரையைப் பற்றியவை. குதிரை நோயுற்றது என்று அறிந்த ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாய் திறக்கவில்லை, இது மோசடியன்று. அதே குதிரையை வாங்குகிறவள் அவனுடைய மகள், அதுவும் சட்டப்படி அப்போதுதான் மேஜரானவள். அங்கே அந்த உறவே அவனைச் சொல்லக் கடமைப்படுத்துகிறது. மூன்றாவதில், வாங்குகிறவன், "நீர் மறுக்காவிட்டால் குதிரையில் குறையில்லை என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறான். விற்கிறவன் மௌனம் சாதிக்கிறான். அங்கே மௌனமே பேச்சாகிவிடுகிறது. சந்தை விலை மாறப்போவதை முன்கூட்டியே அறிந்த வியாபாரி அதைச் சொல்லக் கடமைப்பட்டவனல்லன் என்னும் நாலாவது உதாரணத்தை மட்டும் ரோட்ஸ் தீவுக்குப் போன வணிகன் படித்திருந்தானானால், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

இவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அந்த மகள்தான். குதிரை அதே குதிரை. நோயும் அதே நோய். அயலான் வந்து நின்றபோது இல்லாத கடமை, மகள் வந்து நின்றவுடன் எங்கிருந்து முளைத்தது? சட்டம் எழுதியவர்களின் கருத்து, தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே நம்பிக்கை என்னும் பந்தம் உண்டு என்பதே. அது நியாயமானதே. ஆனால் நம்பிக்கை என்பது இரத்தத்தோடு மட்டும் பிறப்பதா, அல்லது ஒருவர் நம்பிவிட்ட மாத்திரத்தில் நாம் கேளாமலேயே நம் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வதா என்பதைச் சட்டம் விசாரிப்பதில்லை. விசாரிக்கப் புகுந்தால் நீதிமன்றங்களின் கதவை இரவிலும் சாத்த முடியாது.

திருவள்ளுவர் வாணிகம் செய்வோருக்கான நெறியை வாய்மை என்னும் அதிகாரத்தில் வைக்கவில்லை; நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். மகாபாரதத்துச் சாந்தி பர்வத்திலும், தலைமுடியில் பறவைகள் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை அசையாது நின்று தவம் செய்த ஜாஜலி, தர்மத்தின் சூட்சுமத்தைக் கற்றுக்கொள்ள அனுப்பப்படுவது, காசியில் கடை வைத்திருந்த துலாதாரன் என்னும் வியாபாரியிடம். எல்லா உயிர்களிடத்தும் தன் தராசு சமமாக நிற்பதையே அவன் தன் தர்மமாகச் சொல்லுகிறான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், தரகரின் கேள்வியிலேயே ஒரு பிசகு இருப்பது எனக்குப் புலப்பட்டது. "பொய் சொல்லச் சொல்றேனா" என்று அவர் கேட்டது வாய்மையைப் பற்றிய கேள்வி. அதற்கு அவர் நிரபராதி. உண்மையான சொற்களைக் கொண்டே ஒருவரை ஏமாற்றிவிடலாம் என்பதைத் துரோணர் விஷயத்தில் தர்மபுத்திரரே நிரூபித்து, பூமியில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய தம் ரதம் தரையில் இறங்கக் கண்டவர். விற்பனையில் எழும் கேள்வியோ தராசைப் பற்றியது. ஒரு தட்டில் நான் அறிந்ததும் மற்றொரு தட்டில் அவர் அறிந்ததும் இருக்க, முள் எங்கே நிற்கிறது என்பதே அது. வாயை மூடிக்கொண்டிருப்பதனால் முள் நடுவுக்கு வந்துவிடுவதில்லை.

இவ்வளவும் யோசித்து முடித்துவிட்டுத்தான் விற்கப் புகுந்தேன் என்று வாசகர் நினைத்துவிட வேண்டாம். யோசனையில் பாதி, முதலில் வந்தவர் போன பிறகு வந்தது.

அவர் மதுராந்தகத்துப் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். வந்தார், பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை, டயரை மட்டும் ஒருமுறை தட்டிப் பார்த்தார், மோரை வாங்கிக் குடித்தார். நான் ரிடையரான பள்ளி ஆசிரியன் என்பதைக் கேட்டறிந்ததும், "வாத்தியார் ஓட்டின வண்டி, ஒரே கை. இதுல பார்க்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றார். சட்டத்தின் மூன்றாவது குதிரை என் வாசலில் வந்து நின்றது. அவர் கேள்வி கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும், கேட்காமல் நம்பிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதன் பலனாக ஊரார் கொடுத்த மரியாதையை, அவருக்குத் தெரியாமலே விலையில் ஏற்றி வாங்கிக்கொள்ளவிருந்தேன்.

வெள்ளத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் கோபமில்லை, மோர் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, "நனைஞ்ச மூட்டை சார். எவ்வளவு காய வெச்சாலும் வாடை போகாது" என்றார், தம் தொழிலைப் பற்றிப் பேசுகிறவரைப் போல. கொஞ்சம் பொறுத்து, "அவ்வளவுதானா, இல்லே வேற ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அவர் போய்விட்டார், திரும்ப வரவில்லை.

நனைந்த தானியத்தைப் பற்றி நபிகள் நாயகத்தின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. ஸஹீஹ் முஸ்லிம் என்னும் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. விற்பனைக்குக் குவித்திருந்த தானியத்தினுள் அவர் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிற்று. என்ன இது என்று கேட்டார். மழை பெய்துவிட்டது என்றான் விற்கிறவன். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றார் அவர். மழைக்கு அந்த வியாபாரி பொறுப்பாளியல்லன் என்பதை அவர் மறுக்கவில்லை. அடையாற்று வெள்ளத்துக்கு நானும் பொறுப்பாளியல்லேன். எது மேலே, எது அடியிலே என்று அடுக்கிய கையைப் பற்றியது அந்தக் கேள்வி.

ஆனாலும் மண்டிக்காரர் போனபின் எனக்கு உண்டானது ஆத்ம திருப்தியன்று, எரிச்சல்தான். உண்மையைச் சொன்னவனிடத்தில் அல்லவா, இன்னும் என்னென்ன மறைக்கிறான் என்ற சந்தேகம் வந்தது! மீட்டரைத் திருப்பி வைப்பதும், புகை தெரியாமலிருக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவதும், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து விபத்தை மறைப்பதும் சகஜமாகிவிட்ட சந்தையில், ஒருவன் தானாகவே ஒரு குறையைச் சொன்னால், ஒன்பது குறையை விழுங்கிவிட்டான் என்றே கணக்குப் போடுவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர், பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து 1970-இல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது; நல்லதையும் கெட்டதையும் வாங்குகிறவரால் பிரித்தறிய முடியாத இடத்தில் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே கிடைக்குமாதலால், நல்ல வண்டிக்காரன் சந்தையை விட்டு விலகிப்போவான், கெட்டவை மிஞ்சும் என்று அவர் காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே கேடுள்ள காருக்கு அந்நாட்டு வழக்கில் எலுமிச்சம்பழம் என்று பெயர். கட்டுரையின் தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. நாமோ, புது வண்டியைக் கோயில் வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுத்தான் தெருவில் ஓட்டுகிறோம்.

டயோஜெனிஸின் வாதத்துக்கு இந்தக் கட்டுரைதான் சரியான பதில் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொருவனும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு வாயை மூடிக்கொண்டானானால், கடைசியில் வாய் திறக்கிறவனையும் நம்புவாரில்லாமல் போகிறது; நான் அன்று இழந்த விலை, எனக்கு முன்னால் விற்ற ஆயிரம் பேருடைய மௌனத்தின் கிரயம்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு வந்தார். இருபது வயதுப் பையன். நான் வாயெடுக்கும் முன்பே டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்து, கடைசி முழம் வரை வெளியே இழுத்தான். எட்டு வருஷமாக நான் இழுத்து மாட்டிய அந்தப் பட்டையின், ஒருநாளும் வெளியே வராத அடிப்பகுதியில், பென்சிலால் கோடு கிழித்ததைப் போலச் செம்மண் நிறத்தில் ஒரு வரி குறுக்கே ஓடியது; அதற்குக் கீழே பட்டை சற்றே விறைத்திருந்தது. "தண்ணி இதுவரைக்கும் ஏறியிருக்கு" என்றான். ஆமாம் என்றேன், 2015 என்றேன், பில்களை எடுத்துக் கொடுத்தேன். நான் சொல்லவிருந்ததை அவன் கண்டுபிடித்துவிட்டானாகையால், சொன்ன புண்ணியம் எனக்குக் கிடைத்ததா என்பது தெரியாது. இரண்டு லட்சத்து இருபதாயிரம் என்று நான் மனத்தில் வைத்திருந்தது, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது.

படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நானே தகவல் அனுப்பினேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு விற்கிறவனுக்கு 14 நாள் தவணை தருகிறது. பல கை மாறிய பிறகும் பதிவேட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருப்பதைப் படித்தபோது, காஞ்சீபுரத்துக் கோயிலில் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கும் சித்திரகுப்தர் நினைவுக்கு வந்தார். பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்த மாத்திரத்தில் பந்தம் அறுந்துவிடுவதில்லை என்பதில் இரண்டு இலாகாக்களும் ஒரே அபிப்பிராயம் உடையவை.

இங்கே இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். குளிர்ந்த காலை வேளைகளில், வண்டியை எடுத்த முதல் சில நிமிஷங்களுக்கு, இரண்டாவது கியர் விழும்போது ஒரு முனகல் கேட்கும். என்ஜின் சூடேறிவிட்டால் கேட்காது. வெள்ளத்தைப் பற்றி அவ்வளவு விஸ்தாரமாகப் பேசிய நான், பில்களைக்கூட எடுத்துக் காட்டிய நான், அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மறந்துவிடவில்லை. பெரியதைச் சொல்லிவிட்டபடியால் சிறியதைச் சொல்லாதிருக்க உரிமை கிடைத்துவிட்டதாக மனம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. விலையும் குறைந்துவிட்டதல்லவா என்று அதற்கு ஒரு பக்கத்துணையும் தேடிக்கொண்டது.

வண்டியை எடுக்க அவர்கள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார்கள். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தவர் எதிரே இருந்த கறுத்த வட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க சாமி இருந்துதா சார்? ஏன் எடுத்துட்டீங்க? இவ்வளவு நாள் பார்த்துக்கிட்டவர், அவரே இருக்கட்டுமே" என்றார். உள்ளே போய்ப் பூஜை அலமாரியிலிருந்து பிள்ளையாரைக் கொண்டுவந்து கொடுத்தேன். பசை காய்ந்துபோயிருந்ததால் நிற்கவில்லை. மெக்கானிக் பையன் பையிலிருந்து இருபக்கம் ஒட்டும் டேப்பைக் கிழித்து, அதே வட்டத்தில் அழுத்தி வைத்தான். அந்தப் பங்குனி வெயிலில் காலையிலிருந்து நின்று வண்டி கொதித்துக் கிடந்தது. தெருமுனையில் இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.